திண்ணை தேய்ந்த வீடு

பொம்மைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் நமக்குக் கிடையாது. நாம் பொம்மைக்குப் படி கட்டினோம். ஐந்து, ஏழு, ஒன்பது என்று அவரவர் சக்திக்குத் தகுந்தபடி படி கட்டி, வெள்ளை வேஷ்டி விரித்து, தசாவதாரத்தையும் மளிகைக்கடைச் செட்டியாரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, பத்து நாள் கொண்டாடிவிட்டுப் பழந்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுவோம். மற்ற நாளெல்லாம் இருட்டில் கிடக்கிற ஜன்மம் நம் பொம்மைகளுடையது.

வீடு கட்டிக் கொடுத்தவர்கள் மேல்நாட்டார். பவேரியாவை ஆண்ட ஐந்தாம் ஆல்பிரெக்ட் பிரபு 1557-58-ல் ஒன்று செய்வித்தார். குழந்தைகள் தொட்டு விளையாட அல்ல. வருகிறவர்கள் பார்த்து மலைக்க. 1674-ல் அது தீயில் எரிந்து போயிற்று. நூரெம்பர்க் நகரத்தில் 1631-ல் ஆனா கோஃபெர்லின் என்ற அம்மாள் பெரிய பொம்மை வீடு ஒன்றைச் செய்து, காசு வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் காட்டினாள். சின்னப் பெண்கள் அதைப் பார்த்துக் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய நோக்கம். எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும், எந்த அலமாரியில் என்ன துணி என்பதெல்லாம் பொம்மை வீட்டிலேயே பாடமாகிவிட வேண்டுமாம். இந்த அம்மாளை வாசகர்கள் சற்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இந்த வரிசையில் சிகரம், இங்கிலாந்தில் மேரி ராணிக்காக 1924-ல் செய்து முடித்த வீடு. புது டில்லியில் இன்று ராஷ்டிரபதி பவனாக இருக்கும் மாளிகையைக் கட்டிய லட்யென்ஸ் துரையேதான் இதற்கும் வரைபடம் போட்டவர். அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. குழாயில் தண்ணீர் வரும். மின்சார விளக்கு எரியும். லிப்ட் ஏறி இறங்கும். புத்தக அறையில் கானன் டாயில், கிப்ளிங் முதலியோர் இதற்கென்றே எழுதிக் கொடுத்த குட்டிப் புத்தகங்கள் உண்டு. வின்ட்ஸர் கோட்டைக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் பார்க்கலாம். அற்புதமான வேலைதான். ஆனால் அந்த வீட்டை எந்தக் குழந்தையும் விளையாடி அழுக்காக்கியதில்லை. அதனாலோ என்னவோ, எனக்கு அதில் அவ்வளவாக மனம் ஒட்டவில்லை.

எங்கள் குடும்பத்திலும் ஒரு பொம்மை வீடு உண்டு. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் தாத்தா 1926-ல் வீடு கட்டினார். அதில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளில் பிறந்தது இது. கிருகப்பிரவேசத்தன்று வேஷ்டியும் அங்கவஸ்திரமும் வாங்கிக்கொண்ட தச்சாசாரி, வாசலில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்ததைத் திறந்து, "இது குழந்தைக்கு" என்று ஆறு வயதான என் அத்தையின் முன்னால் வைத்தாராம். தாத்தா கட்டிய வீடே குட்டி போட்டது மாதிரி இருந்ததாக அப்பா சொல்லுவார்.

இருபத்திரண்டு அங்குல அகலம், நாலடி நீளம். வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, உருட்டுக் கட்டையில் கடைந்த நாலு தூண். நிலைப்படி தாண்டினால் ரேழி, அப்புறம் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், கூடத்தில் நாலு சங்கிலியில் ஊஞ்சல், காமிரா உள், சமையல் உள், கொல்லையில் கிணறு, கிணற்றுக்குப் பித்தளை ராட்டினம். கூரைக்கு நிஜமான ஓடு. பெரிய நாட்டு ஓட்டைக் குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து நெடுக்கில் இரண்டாகப் பிளப்பார் அல்லவா? இந்த ஓட்டைச் சுண்டு விரலில் களிமண்ணைச் சுற்றியே செய்து பிளந்திருக்கிறார்கள். மேல்நாட்டுப் பொம்மை வீட்டுக்கு முன் சுவர் கதவாகத் திறக்கும். நம் ஆசாரி அப்படிச் செய்யவில்லை. கூரையை அப்படியே மூடி மாதிரித் தூக்கி எடுத்துவிடலாம். எடுத்தால் வீடு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும், கோபுரத்திலிருந்து அக்கிரகாரத்தைப் பார்க்கிற மாதிரி.

அளந்து பார்த்தால் இதுவும் அடிக்கு ஓர் அங்குலக் கணக்குத்தான். ராணி வீட்டுச் சமாசாரம் இரண்டு வருஷத்துக்குள் எங்கள் ஆசாரியின் காதுக்கு எட்டியிருக்க நியாயமில்லை. முழக்கோலோடு பழகியவர் கைக்குத் தானாக வருகிற கணக்கு அது. சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த மரப்பாச்சி ஜோடி, செம்மரத்தில் செய்தது, ஏற்கெனவே வீட்டில் இருந்தது. அது குனியாமல் நுழைகிற அளவுக்கு நிலைக்கதவு வைத்திருக்கிறார்.

அத்தை இதை வைத்துக்கொண்டு விளையாடியது மூன்றரை வருஷம். 1929-ல் சாரதா சட்டம் நிறைவேறிற்று. பெண்ணுக்குப் பதினாலு வயது ஆகாமல் கல்யாணம் செய்யக் கூடாது என்ற சட்டம். 1930 ஏப்ரல் முதல் தேதிதான் அமலுக்கு வரும் என்று நடுவில் ஆறு மாதம் அவகாசம் இருந்தது. நல்லதற்காக வந்த சட்டம், வருவதற்கு முன்னால் ஒரு பொல்லாத காரியம் செய்துவிட்டது. அந்த ஆறு மாதத்தில் தேசமெங்கும் குழந்தைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி ஏறிற்று. நாலு வருஷம் பொறுத்துச் செய்திருக்கக் கூடிய கல்யாணங்களைக்கூட முகூர்த்தம் தேடிப் பிடித்துச் செய்து முடித்தார்கள். அத்தைக்கு மாசி மாதத்தில் ஆயிற்று. அப்போது அவளுக்கு வயது பத்து நிறையவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றாள். பொம்மை வீடு பரணுக்குப் போயிற்று. "இனிமேல் நீ நிஜக் குடித்தனம் பண்ணப் போகிறவள்" என்று பாட்டி சொன்னாளாம்.

நிஜக் குடித்தனத்துக்கு ஒரு குறைவும் இல்லை. பதினாறு பேர் உள்ள வீட்டில் ஐம்பது வருஷம் சமையல். அத்தையின் வற்றல் குழம்பு எங்கள் உறவு முழுவதும் பிரசித்தம். அவள் 1996-ல் காலமானாள். இன்றைக்கும் எங்கள் குடும்பத்துப் பெண்கள் கைப்பேசியில் ஒருவருக்கொருவர், "அத்தைப் பாட்டி ரசப்பொடி அளவு" என்று அனுப்பிக்கொள்கிறார்கள். அத்தையைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அவள் சமையற்கட்டுக்கென்றே பிறந்தவள்" என்பார்கள். வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கிராமத்து வீட்டை 1987-ல் விற்றோம். பொம்மை வீடு மாம்பலத்தில் என் தம்பியின் வீட்டுப் பரணுக்கு மாறிற்று. ஒரு பரணிலிருந்து இன்னொரு பரண். போன வருஷம் நவராத்திரிக்கு முன்னால் தம்பி பெண், கொலுப்பெட்டி இறக்கும்போது இதையும் இறக்கி, "அத்தே, இதை ரிப்பேர் பண்ணிக் கொலுவிலே வெச்சுடலாமே!" என்று எனக்குப் போன் செய்தாள். எழுத்து வேலையைத் தள்ளிப் போட எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மறுநாள் காலையிலேயே போய்விட்டேன்.

பழைய மர வீட்டைப் பழுது பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது. முதல் நாள் முழுவதும் ஒன்றும் செய்யக் கூடாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எது தேக்கு, எது மாம்பலகை என்று தட்டினால் தெரிந்துவிடும். தேக்கின் வைரத்தில் உள்ள எண்ணெய்க்குப் பயந்து பூச்சி கிட்டே வராது. நூறு வருஷமாகியும் தூணும் நிலையும் இரும்பு மாதிரி இருந்தன. பின்பக்கத்துச் சுவருக்கு மட்டும் மாம்பலகை போட்டிருந்தார். அது உளுத்து மாவாகி, விரலால் தொட்டதும் உள்ளே போயிற்று. கூரையில் ஓடு பாதி இல்லை. ஊஞ்சலுக்கு ஒரு சங்கிலிதான் மிச்சம்.

தம்பி வீட்டுப் பக்கத்தில் வயதான ஆசாரி ஒருவர் இருக்கிறார். நாற்காலிக்குக் கால் போடுகிறவர். அவரை அழைத்தோம். சுற்றிச் சுற்றி வந்து, ஒரு மூட்டை மூக்குக்கு அருகில் கொண்டு போய் மோந்து பார்த்து, "வஜ்ஜிரம்மா" என்றார். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. இந்தக் காலத்து வெள்ளைப் பசை ஒரு தடவை பிடித்தால் மரம் பிய்ந்தாலும் தான் பிய்யாது. வஜ்ஜிரம் அப்படியல்ல. வெந்நீர்த் துணியைச் சுற்றிச் சற்று நேரம் வைத்தால் சமாதானமாக விட்டுக் கொடுத்துவிடும். பின்னால் வருகிறவன் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று முன்னால் போனவன் விட்டு வைத்த மரியாதை அது. ஆசாரி மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி வஜ்ஜிரமே காய்ச்சி ஒட்டினார். வீடு இரண்டு நாள் நாறிற்று. தம்பி பெண் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டே இருந்தாள்.

பழைய வர்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மட்டும் நான் விடவில்லை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலப்பது சர்வசாதாரணம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அமலானதே 2017 நவம்பரில்தான். தேய்த்தால் தூள் பறக்கும். தூள் குழந்தைகள் வயிற்றுக்குள் போகும். ஆகவே ஈரத் துணியால் துடைப்பது, அதன் மேல் அரக்குப் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்து அமுக்கிவிடுவது என்று ஏற்பாடு. பழைய சாமானைப் பழுது பார்க்க நினைக்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஈரத் துணியால் துடைத்தபோதுதான் வீடு பேச ஆரம்பித்தது.

முதலில் சமையல் உள். பச்சை வர்ணம் அடித்த சுவர், சிவப்புத் தரை, மூலையில் மரத்தில் செதுக்கிய கோடி அடுப்பு. தூசி போனதும் நேற்று அடித்த மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. தரையில் ஒரு தேய்மானம் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கைப்பிடி அளவு ஓலைப்பெட்டி ஒன்று, சிவப்பு நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டியபடி இருந்தது. உள்ளே கடைசல் சொப்பு. அம்மி, ஆட்டுக்கல், குடம், சட்டி, பூரிக்கட்டை எல்லாம். கடைசல் பிடிப்பவர்கள் சுழலுகிற மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். சூட்டில் அரக்கு உருகிப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும். குழந்தைகள் கைபட்டால் அந்தப் பளபளப்பு மூன்று மாதத்தில் மங்கிவிடும். இந்தச் சொப்பில் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

அப்புறம் திண்ணை. இடது பக்கத்துத் திண்ணையில் செங்காவி வர்ணமே இல்லை. மரம் வரைக்கும் தேய்ந்து, அந்த மரமும் பழைய அரிவாள்மணைப் பலகை மாதிரி நடுவில் குழிந்து வழவழவென்றிருந்தது. மரப்பாச்சியை வைத்து எடுத்து, வைத்து எடுத்து உண்டான தேய்மானம். பின் சுவரில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில், பென்சிலால் என்னவோ கிறுக்கியிருந்தது. பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னேன். கிறுக்கல் அல்ல. ஐந்தாம் வாய்ப்பாடு.

ஓரைந்து ஐந்தில் ஆரம்பித்து எண்ணைந்து வரைக்கும் இருந்தது. எண்ணைந்துக்கு எதிரில் 45 என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் அழுத்தி 40 என்று போட்டிருந்தது. அடித்த கோடு பெரிய மனுஷத் தோரணையில் சாய்வாக, பள்ளிக்கூட வாத்தியார் போடுகிற மாதிரி. தப்புப் போட்டது ஒரு மரப்பாச்சி. திருத்தியது இன்னொரு மரப்பாச்சி.

ஆக, எங்கள் அத்தையின் பொம்மை வீட்டில் யாரும் சமைக்கவில்லை. மூன்றரை வருஷமும் திண்ணையில் பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது.

"கிச்சன் பின்னாடி இருக்கு அத்தே, சின்னக் கை எட்டியிருக்காது" என்றாள் தம்பி பெண். நியாயமான சந்தேகம். அவள் வக்கீலாக வேண்டியவள், பாங்கியில் இருக்கிறாள். ஆசாரி சிரித்துக்கொண்டே கூரையைத் தூக்கிக் கீழே வைத்தார். "கூரையை எடுத்துட்டா எல்லா இடமும் ஒரே தூரந்தான் பாப்பா. வேணும்னா கையை விட்டுப் பாரு" என்றார். அவள் விட்டுப் பார்த்தாள். சமையல் உள்ளுக்குத்தான் கை சௌகரியமாகப் போயிற்று. திண்ணை கூரைத் தூண்களுக்கு நடுவில் இருந்தது. கையை மடக்கி நுழைக்க வேண்டும். அங்கேதான் அத்தை நுழைத்திருக்கிறாள்.

எனக்குச் சட்டென்று பழைய கோடை விடுமுறைகள் ஞாபகம் வந்தன. அத்தை வீட்டுக்குப் போவோம். அவள் புக்ககத்தில் பெண்டுகள் வாசல் திண்ணைக்கு வருகிற வழக்கமில்லை. இராத்திரி சமையற்கட்டை அலம்பிவிட்டு, ஈரக் கையோடு நிலைப்படிக்கு உள்பக்கமாக வந்து உட்காருவாள். நாங்கள் வெளியில் திண்ணையில் இருப்போம். முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு, தரேன்" என்பாள். தப்பாகச் சொன்னால் முறுக்கு அடுத்த குழந்தைக்குப் போய்விடும். பால்காரன் கணக்கு, தயிர்க்காரி கணக்கு, நெல் அளந்த கணக்கு எல்லாம் அவளுக்கு வாயில்தான். காகிதம் பென்சிலோடு அத்திம்பேர் கூட்டி முடிப்பதற்குள் அவள் உள்ளேயிருந்து தொகையைச் சொல்லிவிடுவாள். எல்லோரும் சிரிப்போம். இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நூரெம்பர்க் அம்மாள் இப்போது வரலாம். பொம்மை வீட்டைக் கொடுத்துவிட்டால் பெண் குழந்தை குடித்தனம் கற்றுக்கொள்ளும் என்று அவள் நம்பினாள். பாட்டியும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும். சொப்பு வாங்கிப் போட்டவள் அவள்தானே. அத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஓலைப்பெட்டியின் நூலை மட்டும் அவிழ்க்கவில்லை.

இதற்கப்புறம்தான் வீட்டுக்குள் விவாதம் கிளம்பிற்று. தம்பி பெண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். "நாலு பேர் கொலு பார்க்க வருவா. திண்ணை மட்டும் சொரி பிடிச்ச மாதிரி இருந்தா நன்னாவா இருக்கும்? ஒரே ஒரு கோட்டிங் காவி அடிச்சுடலாம்" என்றாள். நான் கூடாது என்றேன். அவள் சொல்வதிலும் பாயின்ட் இல்லாமல் இல்லை. பழுது பார்க்க எடுத்தபின் பின் சுவரை மாற்றினோம், ஓட்டை மாற்றினோம், சங்கிலியை மாற்றினோம். திண்ணை மட்டும் என்ன விதிவிலக்கு? உளுத்துப் போன பலகைக்கும் தேய்ந்து போன பலகைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். நல்ல கேள்வி. காலையில் கேட்ட கேள்விக்கு எனக்குச் சாயங்காலம்தான் பதில் கிடைத்தது. பின் சுவரைக் கெடுத்தது பூச்சி; திண்ணையைத் தேய்த்தது அத்தை. பூச்சி செய்ததை எடுத்துவிடலாம். அத்தை அந்த வீட்டுக்குச் செய்தது அது ஒன்றுதான். அதையும் பூசி மெழுகிவிட்டால் மிஞ்சுவது ஆசாரி செய்த வீடும், பாட்டி வாங்கின சொப்பும். அத்தை இருக்க மாட்டாள். இந்த வீடு எட்டு வயதான தம்பி பேத்திக்குப் போகப் போகிறது. அவளுக்கு அத்தைப் பாட்டி என்றால் ரசப்பொடி மட்டுந்தான் என்று நாமே தீர்த்துவிடலாமா?

தம்பி பெண் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வைத்தது என் வாதமல்ல, ஆசாரி. காவி டப்பாவைத் திறந்து கையில் பிரஷ்ஷோடு உட்கார்ந்தவர், குனிந்து அந்த வாய்ப்பாட்டை முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தார். எண்ணைந்துக்கு வந்ததும் நிறுத்தி, "நம்மால முடியாதும்மா. பள்ளிக்கூடம் நடந்த எடம்" என்று டப்பாவை மூடிவிட்டார். பாலிஷ்கூட அந்தச் சுவரில் போடவில்லை. பென்சில் கலைந்துவிடும் என்றார். வலது திண்ணைக்கு மட்டும் இருந்த பழைய காவியின் மேல் அரக்குப் பூச்சு. இடது திண்ணையை உலர்ந்த துணியால் துடைத்ததோடு சரி.

ஓட்டுக்குத்தான் அலைச்சல். கொலு பொம்மை செய்கிற குயவர் ஒருவரிடம் பழைய ஓட்டைக் காட்டினேன். அச்சில் போட்டுத் தருகிறேன் என்றார். அச்சு வேண்டாம், விரலில் சுற்றித்தான் வேண்டும் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, தம் பெண்ணைக் கூப்பிட்டார். "என் விரல் பெருசு, இவளுதுதான் சரியா வரும்" என்றார். நூற்றிருபது ஓடு வந்தது. பழசு கறுப்பு, புதுசு சிவப்பு. கலந்து அடுக்கியதில், மழைக்குப் பிறகு ஓடு மாற்றிய கிராமத்து வீடு மாதிரியே ஆகிவிட்டது.

நாலடி நீள வீடு கொலுப்படியில் உட்காருமா? படிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தோம். சுண்டலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "திண்ணைக்கு மட்டும் பெயிண்ட் போதலையா?" என்று கேட்டார்கள். முதல் இரண்டு நாள் தம்பி பெண் என்னைக் கைகாட்டிவிட்டாள். மூன்றாம் நாள் முதல் அவளே பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, எண்ணைந்து நாற்பதைக் காட்ட ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் ஒரு மாமி, தன் மாமியாரும் அதே மாசியில்தான் கல்யாணம் ஆனவள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பேத்தி ஒரு நாள் மத்தியானம் நாங்கள் அசந்த நேரத்தில் ஓலைப்பெட்டியின் நூலை அறுத்துவிட்டாள். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் இருந்த முடிச்சு. தம்பி பெண் கையை ஓங்கிக்கொண்டு போனாள். நான் தடுத்தேன். சொப்பெல்லாம் தரையில் கிடந்தது. குடம், சட்டி ஒன்றையும் அவள் சமையல் உள்ளில் வைக்கவில்லை. அம்மியை மட்டும் எடுத்துத் திண்ணையில் சுவர் ஓரமாகப் போட்டு, அதன் மேல் பெண் மரப்பாச்சியை உட்கார வைத்திருந்தாள். வாத்தியாருக்கு நாற்காலி இல்லையாம்.

கிணற்று ராட்டினம் இன்னும் சுற்றவில்லை. அச்சு தேய்ந்துவிட்டது, பித்தளையில் கடைந்து கொண்டுவருகிறேன் என்று ஆசாரி வாங்கிப் போயிருக்கிறார். இரண்டு தடவை ஆள் அனுப்பியாயிற்று.